அழுக்கை அடித்துவிட்டு எழுதிய சொல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி மகள் போன் செய்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் ‘லண்டன்’ கவிதையைப் பற்றி ஐந்து பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“அக்கா, நோட்ஸ்ல எல்லாமே இருக்கு. அழுக்கு, வறுமை, குழந்தைத் தொழிலாளி, சமூக ஒடுக்குமுறை. அதையே கொஞ்சம் மாத்தி எழுதிடவா?”

“கவிதைய ஒரு தடவையாவது சத்தம் போட்டுப் படிச்சியா?”

“படிச்சேங்க்கா. ‘சார்ட்டர்ட்’னு ஒரு வார்த்தை ரெண்டு தடவ வருது. அது மட்டும்தான் புரியல.”

அவள் சரியான இடத்தில்தான் தடுக்கி நின்றிருந்தாள். பதினாறே வரிகள் உள்ள இந்தக் கவிதைக்குள் போவதற்கு வாசல் அந்தச் சொல்தான். நான் மாணவியாக இருந்தபோது அடிக்குறிப்பைப் பார்த்து ‘உரிமைச் சாசனம் பெற்ற’ என்று பென்சிலால் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வந்தது. கவிதை மட்டும் என்னிடம் வரவில்லை. அன்று அவளோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். அப்புறம் இரவில் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரு கவிதையை நம் மொழிக்குக் கொண்டுவர முயலும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு கனம் என்று கைக்குத் தெரிகிறது.

பிளேக்கின் நோட்டுப் புத்தகம் ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. அது முதலில் அவருடைய தம்பி ராபர்ட்டுடையது. 1787-இல் தம்பி இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்த நோட்டைப் பிளேக் விடாமல் வைத்திருந்தார். 1790களின் தொடக்கத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து கவிதைகளை எழுதத் தொடங்கினார். ‘லண்டன்’ முளைத்தது அந்தப் பக்கங்களில்தான். முதலில் அவர் எழுதியது இப்படி: அழுக்குத் தெரு ஒவ்வொன்றிலும் அலைகிறேன், அழுக்குத் தேம்ஸ் ஓடும் கரையருகே. பிறகு ‘அழுக்கு’ என்ற சொல்லை இரண்டு இடத்திலும் அடித்துவிட்டு, என் தங்கை தடுக்கி நின்ற சொல்லைப் போட்டார்.

லண்டன் அழுக்கு என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். நிலக்கரிப் புகையும் சாக்கடையும் எந்தக் கண்ணுக்கும் தப்பாது. அழுக்கு என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். அழுக்குக்கு உரிமையாளர் கிடையாது. அது தானாகச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். சாசனம் தானாகச் சேராது. யாரோ எழுதியிருக்க வேண்டும், யாரோ முத்திரை வைத்திருக்க வேண்டும், யாரோ அதனால் ஆதாயம் அடைந்திருக்க வேண்டும்.

அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சாசனம் இருந்தது. தேம்ஸ் நதியின் மீதான அதிகாரத்தையே 1197-இல் முதலாம் ரிச்சர்ட் மன்னன் பணத்துக்கு லண்டன் நகராட்சியிடம் விற்றிருந்தான். எந்தத் தொழிலை யார் செய்யலாம், எந்தப் பொருளை யார் விற்கலாம் என்பதெல்லாம் சாசனங்களில் இருந்தது. அந்தச் சாசனங்களில் நமக்கு மிகவும் தெரிந்த ஒன்றும் உண்டு. 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் மகாராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. நான் இப்போது வசிக்கும் சென்னைக்கு நகராட்சி வந்ததே கம்பெனி 1687-இல் கொடுத்த ஒரு சாசனத்தால்தான். பிளேக் இந்தக் கவிதையை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1793-இல், கம்பெனியின் வணிக ஏகபோகத்தை நாடாளுமன்றம் மேலும் 20 ஆண்டுகளுக்கு நீட்டித்துச் சட்டம் போட்டது. கம்பெனியின் கப்பல்கள் வந்து நின்றது அதே தேம்ஸில். ‘சார்ட்டர்ட் தேம்ஸ்’ என்று படிக்கும்போது நம் கடலோரமும் அந்தச் சொல்லுக்குள் எங்கோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

இன்னொரு குரலும் அந்தச் சொல்லுக்குள் கேட்கிறது. அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் மனித உரிமைகளைப் பற்றி 1791-லும் 1792-லும் எழுதியபோது, சாசனம் உரிமையைக் கொடுக்கிறது என்பதே தலைகீழான பேச்சு என்றார். உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் இருக்கிறது. சாசனம் செய்வதெல்லாம் பெரும்பாலோரிடமிருந்து அதைப் பிடுங்கிச் சிலர் கையில் விடுவதுதான் என்பது அவர் வாதம். அந்த எழுத்துக்காக 1792 டிசம்பரில், அவர் நாட்டில் இல்லாதபோதே, அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் ‘அழுக்கு’ என்பதை அடித்துவிட்டுச் ‘சாசனம்’ என்று எழுதினால், அதை ஓசை நயத்துக்காகச் செய்த திருத்தம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. ‘சுத்தக் கிரய சாசனம்’ என்று அவர் எழுதத் தொடங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வடக்கே யார், தெற்கே எது என்று நான்கெல்லை எழுதி முடித்ததும் ஒரு துண்டு பூமி மற்ற எல்லோரிடமிருந்தும் பிரிந்துவிடும். அதனால்தான் தங்கையிடம் சட்டென்று சொல்ல முடிந்தது: “பட்டா போட்ட தெரு, பட்டா போட்ட ஆறுன்னு வச்சுக்கோ.” அவள் ஒரு நொடி பேசவில்லை. “ஆத்துக்கா பட்டா?” என்றாள். அந்த ஆச்சரியம்தான் பிளேக்குக்கு வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பில் பட்டா கொஞ்சம் சிறிய சொல்லாகப் பட்டதால் ‘பட்டயம்’ என்று வைத்தேன்.

பட்டயம் எழுதிய தெரு ஒவ்வொன்றிலும் அலைகிறேன்,
பட்டயம் எழுதிய தேம்ஸ் ஓடும் கரையருகே;
எதிர்ப்படும் முகம்தோறும் குறிக்கிறேன்
தளர்ச்சியின் குறிகளை, துயரத்தின் குறிகளை.

‘குறி’ என்ற சொல் நமக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். ஆங்கிலத்தில் பிளேக் ஒரே சொல்லை வினையாகவும் பெயராகவும் மூன்று முறை போடுகிறார். தமிழிலும் அது அப்படியே நிற்கிறது. பார்த்துக் குறித்துக்கொள்வது, முகத்தில் விழுந்த தழும்பு, மாட்டுக்கு இடும் சூட்டுக்குறி எல்லாம் அதில் உண்டு. வேதாகமத்தில் எசேக்கியேல் 9-ஆம் அதிகாரத்தில் எருசலேம் நகரமெங்கும் நடந்துபோய், அங்கே நடக்கும் அக்கிரமங்களுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடும்படி ஒருவனுக்குக் கட்டளை வருகிறது. பிளேக்குக்கு வேதாகமம் மனப்பாடம் மாதிரி. அங்கே அடையாளம் போடப்பட்டவர்கள் அழிவிலிருந்து தப்புவார்கள். லண்டனில் அப்படி யாரும் தப்பவில்லை. எல்லா முகத்திலும் குறி இருக்கிறது. அதோடு, பிளேக் தொழிலால் செதுக்குக் கலைஞர். 1772-இல் பதினான்கு வயதில் அந்த வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்தவர். உலோகத்தில் குறி போடுவதுதான் அவர் சோறு. இந்தக் கவிதையையும் செப்புத் தகட்டில்தான் எழுதினார். அமிலம் அரிக்காத பூச்சால் எழுத்துகளை இடவலமாகத் திருப்பி எழுதி, மேலே அமிலத்தை ஊற்றி, எழுத்து மட்டும் மேடாக நிற்க மற்றதையெல்லாம் அரிக்கவிடுவார்.

அரசர்கள் நிலதானம் எழுதிய செப்பேடுகளைப் பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு இது சும்மா கடந்துபோகிற தகவல் கிடையாது. சந்திரன் சூரியன் உள்ளவரை நிற்கும்படி சாசனத்தைச் செம்பில்தான் வெட்டினார்கள். சாசனங்களுக்கு எதிரான கவிதையைப் பிளேக்கும் செம்பில் வெட்டினார்.

இரண்டாம் பத்தி:

ஒவ்வொரு மனிதனின் ஒவ்வொரு ஓலத்திலும்,
ஒவ்வொரு சிசுவின் அச்ச அழுகையிலும்,
ஒவ்வொரு குரலிலும், ஒவ்வொரு தடையிலும்
மனம் அடித்துச் செய்த விலங்குகளைக் கேட்கிறேன்.

மூன்று வரிக்குள் ஐந்து ‘ஒவ்வொரு’. தமிழில் வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டுகிறது. அதை நான் குறைக்கவில்லை. விலங்குச் சங்கிலியின் கண்ணிகள் போல அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தால்தான் நாலாவது வரியில் விலங்கு என்று சொல்லும்போது காது அதை ஏற்கெனவே கேட்டிருக்கும்.

‘தடை’ என்று நான் எழுதிய இடத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. அரசு போடும் தடையாணை ஒரு பொருள். 1792 மே மாதம் ராஜதுரோக எழுத்துகளுக்கு எதிராக அரசப் பிரகடனம் வெளியானது அப்போது எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னால் தேவாலயத்தில் வாசிக்கும் அறிவிப்பு. எங்கள் ஊர்ப் பக்கம் அதை ‘ஓலை வாசிப்பது’ என்பார்கள். மூன்று வாரம் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். கவிதையின் கடைசி வரியில் வரப்போகும் கல்யாணத்துக்கு இங்கேயே ஓலை வாசித்தாகிவிட்டது.

சரி, அந்த விலங்கு. நோட்டில் முதலில் அதுவும் வேறு மாதிரி இருந்தது. ‘ஜெர்மனி அடித்துச் செய்த’ விலங்கு என்று எழுதியிருந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குடும்பம் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் கூலிக்கு ஜெர்மானியச் சிப்பாய்களை இறக்கியதும் மக்கள் மறக்காத விஷயம். அரசைத் திட்ட அது சுலபமான வழி. அதை அடித்துவிட்டு ‘மனம்’ என்று போட்டார்.

இங்கேதான் எனக்கும் பல விளக்க உரைகளுக்கும் சண்டை. ‘மக்கள் தங்கள் அறியாமையால் தாங்களே அடிமைப்பட்டிருக்கிறார்கள் என்கிறார் கவிஞர்’ என்று எழுதிவிடுகிறார்கள். தங்கையின் நோட்ஸிலும் அப்படித்தான் இருந்தது. அடிபட்டவன் மேலேயே பழியைப் போடுகிற வாசிப்பு இது. கவிதை ‘அவர்கள் மனம்’ என்று சொல்லவேயில்லை. யாருடைய மனம் என்று எழுதாமல் விட்டிருக்கிறார். தடையாணை எழுதியவன் மனமும் அதில் உண்டு, அதைப் பயந்து படித்தவன் மனமும் உண்டு, தெருவில் நடந்துகொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறவன் மனமும் உண்டு. சாசனம் முதலில் யாரோ ஒருவர் மனத்தில் தோன்றியது. பிறகு எல்லோர் மனத்திலும் இயல்பானதாக ஆகிவிட்டது.

அப்பாவின் அறையில் அடிக்கடி பார்த்த ஒரு காட்சி எனக்கு இதை விளக்கியது. குடும்பச் சொத்தில் தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடும் பத்திரம் ஒன்று உண்டு. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். என் அத்தையும் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். யாரும் மிரட்டவில்லை. “அண்ணன் நல்லா இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். எழுதியவர் என் அப்பா. விடுதலை என்ற பெயரில் உரிமை போய்விட்டது என்று அன்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அந்த விலங்கைச் செய்தது அத்தையின் மனம் மட்டும் என்று என்னால் எழுத முடியாது.

பிளேக் காலத்து ரொமாண்டிக் இயக்கக் கவிதை என்றாலே மலை, ஏரி, பூ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. லண்டனைப் பற்றி அந்தக் காலத்தின் இன்னொரு புகழ்பெற்ற கவிதை வேர்ட்ஸ்வொர்த் எழுதியது. 1802 செப்டம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேலிருந்து விடியற்காலையில் நகரத்தைப் பார்க்கிறார். புகையில்லாத காற்று, பளபளக்கும் கோபுரங்கள், தன் இஷ்டத்துக்கு ஓடும் ஆறு. மிக அழகான கவிதை, எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நகரம் அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறது. பிளேக் 1790 முதல் 1800 வரை குடியிருந்த லாம்பெத் வீடு அந்தப் பாலத்திலிருந்து நடந்துபோகிற தூரம். அதே ஆறு அவர் கவிதையில் தன் இஷ்டத்துக்கு ஓடவில்லை. அவர் நடப்பது நள்ளிரவில். பார்ப்பதைவிட அதிகம் கேட்கிறார்.

புகைபோக்கிச் சிறுவனின் கூவல் எப்படி
கறுத்துவரும் கோயில்களை வெளிறவைக்கிறது என்று,
கதியற்ற சிப்பாயின் பெருமூச்சு எப்படி
அரண்மனைச் சுவர்களில் இரத்தமாய் வழிகிறது என்று.

ஆங்கில மூலத்தில் இந்த நான்கு வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள்: எச், இ, ஏ, ஆர். ‘ஹியர்’, அதாவது ‘கேள்’. முந்தைய பத்தி முடிந்ததும் அதே சொல்லில்தான். இதைத் தங்கைக்குச் சொன்னபோது போனில் ஒரு கூச்சல் போட்டாள். தமிழில் அந்த எழுத்து விளையாட்டைக் கொண்டுவர என்னால் முடியவில்லை. ஆனால் நம் ‘கேள்’ செவியால் கேட்பதும்தான், கேள்வி கேட்பதும்தான். அந்த வகையில் ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

புகைபோக்கி சுத்தம் செய்தவர்கள் குழந்தைகள். குறுகிய புகைக்கூண்டுக்குள் பெரியவர்கள் நுழைய முடியாது என்பதால் நாலைந்து வயதுப் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். ஏழைப் பெற்றோர்களே விற்றார்கள். 1775-இலேயே பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், அந்தக் கரியினால் இவர்களுக்குப் பிற்பாடு விதைப்பையில் புற்றுநோய் வருகிறது என்று எழுதிவிட்டார். 1788-இல் எட்டு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. சிறுவர்களை ஏற்றும் வழக்கம் உண்மையில் நின்றது 1875-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். நூறு வருடம்! அந்தப் பிள்ளைகள் விடியற்காலையில் தெருவில் ‘ஸ்வீப், ஸ்வீப்’ என்று கூவிப் போக வேண்டும். நாக்குத் திரும்பாத வயது என்பதால் அது ‘வீப், வீப்’ என்று கேட்கும், அதாவது ‘அழு, அழு’. 1789-இல் பிளேக் எழுதிய இன்னொரு கவிதையில் இது வருகிறது. ஆகவே இங்கே நான் அழுகை என்று போடாமல் ‘கூவல்’ என்று எழுதினேன். தொழிலுக்கான கூவலே அழுகையாக இருக்கிற பிள்ளை அவன்.

கோயில் கறுப்பது ஊர்ப்புகையால். அதே நேரத்தில் கோயிலும் கறுப்பாக்குகிறது. ஆங்கிலச் சொற்றொடர் இரண்டுக்கும் இடம் தருகிறது. ‘வெளிறவைக்கிறது’ என்று நான் எழுதிய வினைக்குள் பிணத்தின் மேல் போர்த்தும் துணிக்கான ஆங்கிலச் சொல்லும் ஒளிந்திருக்கிறது. கறுப்பும் வெளிறலும் ஒரே வரியில். இதைத் தமிழில் பாதிதான் பிடிக்க முடிந்தது.

அதற்குப் பதிலாக நம் மொழி எனக்கு வேறொன்றைக் கொடுத்தது. பிளேக் ஒரு வரியில் கோயிலையும் இரண்டு வரி தள்ளி அரண்மனையையும் வைக்கிறார். பழைய தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். கோ வாழும் இல், கோயில். எதுவும் செய்யாமலே அந்த இரண்டு சுவர்களும் ஒன்றாகிவிட்டன.

சிப்பாயின் பெருமூச்சு இரத்தமாக வழிவதுதான் கவிதையின் மிகத் துணிச்சலான இடம். காதால் கேட்டது கண்ணுக்குத் தெரியும் கறையாக மாறுகிறது. பிரான்சுடன் 1793 பிப்ரவரியில் போர் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸ் அரண்மனையில் உண்மையாகவே இரத்தம் ஓடியிருந்தது. ஆக அந்தச் சுவரில் வழிவது மன்னனுக்காகச் செத்தவனின் இரத்தமா, இனி மன்னனுக்கே வரப்போவதா என்று வாசிப்பவர் யோசிக்க வேண்டும். இப்படி எழுதுவது அன்று எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பிளேக்கின் வாழ்க்கையே சாட்சி. 1803-இல் தன் தோட்டத்திலிருந்து ஒரு சிப்பாயை வெளியே தள்ளிய தகராறில், மன்னனைச் சபித்தார் என்று அவர் மேல் வழக்கு வந்தது. 1804 ஜனவரியில் விடுதலையானார்.

நோட்டில் கவிதை முதலில் இந்தப் பத்தியோடு முடிந்திருந்தது. அரண்மனைச் சுவரில் இரத்தம். வேறு யாராக இருந்தாலும் அங்கே பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள். பிளேக் மறுபடி வந்து இன்னொரு பத்தி சேர்த்தார், அதையும் பலமுறை அடித்துத் திருத்தினார்.

எல்லாவற்றுக்கும் மேலாய், நள்ளிரவுத் தெருக்களில் கேட்கிறேன்,
இளம் வேசியின் சாபம் எப்படி
பிறந்த சிசுவின் கண்ணீரைக் கருக்குகிறது என்று,
கொள்ளைநோயால் கல்யாணப் பாடையைப் பீடிக்கிறது என்று.

‘வேசி’ என்ற சொல்லை எழுதத் தயங்கினேன். பிளேக் போட்டது வேதாகமத்துச் சொல்; தமிழ் வேதாகமத்திலும் இதுதான். மென்மையாக்கினால் ஊர் அவளை எப்படிக் கூப்பிட்டது என்பது மறைந்துபோகும். அவள் ‘இளம்’ என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவளே சிறுமி. குழந்தை என்று இந்தக் கவிதையில் வரும் எல்லோரோடும் அவளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அவள் சாபம் பலிப்பது மந்திரத்தால் அல்ல. நல்ல வீட்டு ஆண்கள் அவளிடமிருந்து நோயைக் கொண்டுபோய் மனைவிக்குக் கொடுத்தார்கள். மனைவியிடமிருந்து அது பிறக்கும் குழந்தையின் கண்ணுக்குப் போனது. பிறந்த சில நாளில் பார்வையைப் பறிக்கும் தொற்று அது. கண்ணீர் கருகுகிறது என்பதை உடலின் உண்மையாகவே வாசிக்கலாம். பட்டயம் எழுதிய தெருக்களுக்கு நடுவே எந்த எல்லையும் மதிக்காமல் ஏழைத் தெருவிலிருந்து பணக்கார வீட்டுப் படுக்கையறை வரை நடந்துபோனது அந்த நோய் ஒன்றுதான்.

‘கல்யாணப் பாடை’ என்று எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலத்தில் கல்யாண வண்டிக்குப் பதில் பிண வண்டி வருகிறது. நமக்குப் பல்லக்கும் பாடையும். இரண்டையும் நாலு பேர்தான் தூக்குகிறார்கள்.

1794-இல் இந்தக் கவிதையை அச்சிட்டபோது தகட்டின் மேல்பாதியில் ஒரு படம் வரைந்தார் பிளேக். ஊன்றுகோலோடு கூனிப்போன ஒரு கிழவர். அவருக்கு வழிகாட்டி நடக்கும் ஒரு சின்னப் பையன். கவிதைக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தை தெருவில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறது. அந்தக் கிழவரைப் பற்றியோ நெருப்பைப் பற்றியோ கவிதையில் ஒரு சொல் இல்லை. அச்சிட்ட தாள்களுக்கு வண்ணம் தீட்ட அவருக்குத் துணையாக இருந்தவர் மனைவி கேத்தரின். 1782-இல் கல்யாணப் பதிவேட்டில் எழுதத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டவர் அவர். பிறகு கணவரிடம் எழுதப் படிக்கக் கற்றார், அச்சுவேலையும் கற்றார்.

அந்தப் படத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது.

“அக்கா, இந்தப் பையன் அவர எங்க கூட்டிட்டுப் போறான்?”

தெரியவில்லை என்று அனுப்பினேன்.

“அப்போ நான் இவன்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.”